இரண்டு பெடல் வண்டி

ஜூன் 9, திங்கள்

காரைக் கொடுத்தாயிற்று. வாங்கியவர் வத்தலக்குண்டுக்காரர். வாசலில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தார், திருப்தியாக இருந்தது அவருக்கு. சாவியைக் கொடுக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர், "நீயே குடுத்துரு கொரட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டபிறகுதான் கட்டிலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அதுவரை நின்றிருக்கிறார்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்தவர் இவர். கம்பம், தேவாரம், கொடைக்கானல், பழனி என்று ஊர் ஊராக டாக்டர்களைப் பார்க்கப் போவார். எல்லாம் அந்த வண்டியில்தான். புது ஷூ கடித்த புண்ணை, வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். சர்க்கரை தள்ளிப்போடவில்லை. பிப்ரவரியில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மருந்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசிய மனிதர்.

சரி, அதை எழுத நான் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த கன்னிகாஸ்திரி ஒருவர், "டீச்சர், தினமும் நன்றி சொல்ல ஒன்னாவது இருக்கும், எழுதி வைங்க" என்றார். இன்றைக்கு: காரை வாங்கியவர் பேரம் பேசும்போது இவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு நன்றி.

ஜூன் 12, வியாழன்

மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனோம். கொழுந்தன் ரெக்ஸ் வாடகை வண்டி பிடித்து வந்தான். இவர் பின்சீட்டில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாடிப்பட்டி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது தாடையைப் பார்த்தால் தெரிந்தது.

புண் நன்றாக ஆறிவிட்டது, செயற்கைக் காலுக்கு அளவெடுக்கலாம் என்றார் டாக்டர். "பாக்கலாம் சார்" என்றார் இவர். வெளியே வந்ததும் ரெக்ஸிடம், "அளவெடுத்து எங்க ஓடப்போறேன்" என்று கேட்டார். ரெக்ஸ் தரையைப் பார்த்தான்.

மருந்துச் சீட்டை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் மறுபடி உள்ளே போய் டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "தாராளமா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி.

ஜூன் 14, சனி

பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வருவது சிரமமாக இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு கார் பார்க்கலாம் என்று புறவழிச்சாலையில் இருக்கும் வல்கா ஷோரூமுக்குப் போனேன். இருபது வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்தது. அதோடு சரி.

அங்கே பவுசியா என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். ஆசிரியை என்று தெரிந்ததும், "எம் மக உங்க ஸ்கூல்லதான் டீச்சர் படிச்சா" என்று ஃபேனுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வல்காவில் நான்கு வகை இருக்கிறதாம். சின்னது லிட்டோ. நீளமாக, டிக்கி தனியாக வைத்தது செரா. உயரமாக நிற்பது டைகா. ஏழு பேர் போவது நோமா. எல்லாவற்றிலும் கியர் போடும் வண்டியும் உண்டு, ஆட்டோமேட்டிக்கும் உண்டு.

"ஆட்டோமேட்டிக்னா கிளட்ச் கிடையாது டீச்சர். ரெண்டே பெடல். ரெண்டுக்கும் வலது காலுதான். இடது காலுக்கு வேலையே இல்ல, சும்மா ஓரமா வச்சுக்கிட்டா போதும்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். என் காதில் சரியாக விழவில்லை. ஃபேன் சத்தம்.

முதலில் லிட்டோவைப் பார்த்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்தேன். கூரை உயரம், தலை இடிக்கவில்லை. இடது காலை ஊன்றாமல் உட்கார்ந்து பார்த்தேன். சீட்டு நம் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியைவிடக் கொஞ்சம் தாழ்வு. பரவாயில்லை.

"டீச்சருக்குக் கால்ல எதும் வலியா?" என்று பவுசியா கேட்டார்.

"ஆமா. மூட்டு" என்றேன்.

இரவுச் சாப்பாட்டில், இழுவிசை அதிகமுள்ள எஞ்சின் என்றால் பெட்ரோல் குறைவாகக் குடிக்குமாமே என்று இவரிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரு சொன்னா?"

"ஷோரூம்ல."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்த வாரத்தில் நான் கேட்காமல் இவர் வாயைத் திறந்தது இதுதான். தோசைக்கு நன்றி.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்கு வரவில்லை என்றார். நான் வரும்போது செய்தித்தாளில் கார் விளம்பரப் பக்கம் மேலாக மடிந்து கிடந்தது. காற்றாக இருக்கலாம்.

ஜூன் 21, சனி

செரா பார்த்தேன். அழகு. கல்யாணக் கார் மாதிரி. ஆனால் உட்கார்ந்தால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கிறது. ஒற்றைக் காலால் எழுந்திருக்க முயன்று, முடியாமல், கடைசியில் பவுசியா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மூட்டு வலிக்காரிக்கு இது ஆகாது என்றேன். "அதான் டீச்சர் எனக்கும் தோணுச்சு" என்று டீ வாங்கிக் கொடுத்தார். பாவம், எதையும் விற்கிற அவசரமே இல்லாத மனுஷி.

வீட்டில் வந்து செராதான் எனக்குப் பிடித்தது என்றேன். நீளமான வண்டி, அதனால் சந்தில் சுலபமாகத் திரும்பும் என்றேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீளமா இருந்தா எப்படிம்மா சுலபமாத் திரும்பும்? நம்ம தெருவுல அதைத் திருப்பணும்னா சூசை வீட்டுக் காம்பவுண்ட இடிக்கணும்."

"அப்படியா?"

"அப்படியாவா? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தூரம் கூடக்கூட வட்டம் பெருசாகும்ல?" டம்ளரையும் கிண்ணத்தையும் மேசையில் வைத்து நகர்த்திக் காட்டினார். ரசம் சிந்தியது. துடைத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் மேசை துடைத்ததில்லை.

ஜூன் 27, வெள்ளி

பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பு மையம் நடத்தினேன். உயரமான லாரி வளைவில் ஏன் கவிழ்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

ஜூன் 28, சனி

டைகா பார்த்தேன். உயரம். சீட்டு என் இடுப்புக்கு வருகிறது. ஏற வேண்டியதில்லை, உட்கார்ந்து திரும்பினால் போதும். கதவு அகலமாகத் திறக்கிறது. கூரையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. பக்கத்துச் சீட்டின் ஓரமாக நீளமான பொருள் ஏதாவது வைத்தால் கைக்கு எட்டும். குடை மாதிரி.

சாப்பிடும்போது, டைகா உயரமான வண்டி, அதனால் மலைப்பாதை வளைவில் மற்ற வண்டிகளைவிடக் கெட்டியாக நிற்குமாம் என்று சொன்னேன்.

இவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு பொறுமையாக விளக்கினார். கொடைக்கானல் ரோட்டில் எந்த வளைவில் எந்த வேகம், மழைக்காலத்தில் பெருமாள்மலைக்கு மேலே எப்படி, எல்லாம். நடுவில் சோறு கேட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். ஆண்டவரே, நன்றி.

ஜூலை 1, செவ்வாய்

சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ள நான் நினைவுபடுத்தவில்லை. தானே போட்டுக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

ரெக்ஸ் வந்தான். கார் விஷயம் அவன் காதுக்குப் போயிருக்கிறது.

"மதினி, நீங்க எதுக்குக் கெடந்து அலையுறீங்க? நோமாவே எடுங்க. அண்ணனுக்கு வசதியா பின்னாடி கால நீட்டி..." சொல்லிவிட்டு நிறுத்தினான். "நான் ஒரு நல்ல டிரைவரா பாத்து வச்சுர்றேன். மாசச் சம்பளம் நான் பாத்துக்கிறேன்."

நல்ல மனசு. சிறு வயதில் இவர் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து போனவன், அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறான். அதற்கு அவனிடம் நன்றி சொன்னேன். ஆனால் டிரைவர் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் முகம் மதுரை போன அன்றைக்குப் போல ஆகிவிட்டது.

"ஏழு சீட்டு எதுக்குடா? வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு" என்றார். "டிரைவரும் வேண்டாம். எனக்கு ஒரு எடமும் போக வேண்டியதில்ல. உங்க மதினி ஸ்கூலுக்குப் போறதுக்குத்தான் வண்டி. அவ ஓட்டுவா."

நான் ரெக்ஸுக்குக் காபி போடப் போய்விட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பள்ளி விட்டு வந்தபோது இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. கையில் என் போன். காலையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

"பவுசியான்னு ஒரு அம்மா பேசுனாங்க" என்றார்.

என்னால் செருப்பைக்கூடக் கழற்ற முடியவில்லை.

"டீச்சருக்கு இடது கால் வலி எப்படி இருக்கு சார்னு கேட்டாங்க. டீச்சர் இடது கால ஊன்றதே இல்லையாமே. எல்லா வண்டியிலயும் ஒத்தக் கால்லயே ஏறி எறங்கிப் பாத்தியாமே. ஆட்டோமேட்டிக் டைகா ஒன்னு வந்திருக்காம், நாளைக்கே வந்து பாக்கச் சொன்னாங்க."

"என்னங்க..."

"நான் செத்தா போயிட்டேன்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "உசுரோட ஒருத்தன் வீட்டுக்குள்ள இருக்கான். அவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, எனக்கு வேண்டி நீ ஊரு முன்னாடி நொண்டி நடிப்பியா?"

உங்களுக்கு என்று சொன்னால் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான் என்று சொல்ல வந்தேன். வாயில் வேறு வந்தது. "ஷூ கடிச்ச அன்னைக்கு நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

பிப்ரவரியிலிருந்து கேட்காமல் வைத்திருந்தது.

இவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். வந்தேன். ரசம் வைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்றும் பேச்சில்லை. ஆனால் நான் கிளம்பும்போது மதியச் சாப்பாட்டுப் பை வாசல் ஆணியில் தொங்கியது. நான் அடுக்களையிலேயே மறந்து வைத்திருந்தது. அங்கிருந்து வாசலுக்கு ஊன்றுகோல்களோடு அதை எப்படித் தூக்கி வந்தார் என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். பல்லில் கடித்திருப்பார். பை காதில் ஈரம் இருந்தது.

ஜூலை 19, சனி

காலையில் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆட்டோமேட்டிக் லிட்டோ, ஓட்டுநர் இடத்தில் பவுசியா. நான் கூப்பிடவில்லையே என்று திகைத்து நின்றேன். பின்னாலிருந்து இவர், "நான்தான் வரச் சொன்னேன்" என்றார். சவரம் செய்திருந்தார். வெள்ளைச் சட்டை. பேன்ட்டின் இடது பக்கத்தை மடித்துக் குத்தியிருந்தார். தானே குத்தியிருக்கிறார்.

பவுசியா இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் போன்ல எல்லாத்தையும் சொன்னாரு. ஏன் டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உங்க முட்டிக்குன்னு நான் தைலம் வேற வாங்கி வச்சிருக்கேன்." கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. தைலப் புட்டியை நிஜமாகவே கொண்டு வந்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தெரு முடியும் இடத்தில் கோவில் மைதானம் இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் இவரே பேசி அனுமதி வாங்கியிருக்கிறார். பவுசியா வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். இவர் நடந்தே வந்தார். பிப்ரவரிக்குப் பிறகு தெருவில் நடந்தது இன்றைக்குத்தான். சூசையின் மனைவி வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்று, "வாங்கண்ணே, நல்லாருக்கீங்களா" என்று சாதாரணமாகக் கேட்டாள். அந்தச் சாதாரணத்துக்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்து, முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து, திரும்பினார். ஊன்றுகோல்களை நான் வாங்கிப் பின்னால் வைத்தேன். பவுசியா பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்சீட்டில். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. மைதானத்தின் நடுவில் மாதா சிலை வைத்த கல்குகை, அந்தக் கெபியைச் சுற்றி ஒரு வட்டம். சரியாகத்தான் போனது. இரண்டாவது வட்டத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. இவர் உடம்பே ஒரு பக்கமாகச் சரிந்தது, மடித்துக் குத்திய அந்தத் துணி எம்பியது, வண்டி குலுங்கி நின்றது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

இவர் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளட்ச மிதிக்குது கொரட்டி" என்றார். "இல்லாத காலு கிளட்ச மிதிக்குது."

பவுசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டுமே இல்லடா உனக்கு, காலும் இல்ல, கிளட்சும் இல்ல. எதை எதால மிதிக்கிற?" என்று தன்னையே கேட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கிளப்பினார். வெயில் ஏறும் வரைக்கும் கெபி மாதாவைச் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்கு இரண்டு பேரும் போனோம்.

மத்தியானம் வண்டி பற்றிப் பேச்சு வந்தது. டைகாதான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். சீட்டு உயரம், கைப்பிடி, எல்லாம் எடுத்துச் சொன்னேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

"லிட்டோ" என்றார்.

"உக்காந்து எந்திரிக்கச் சிரமமா இருக்குமேங்க."

"ஒரு மெத்தை போட்டா சரியாப் போச்சு. டைகாவப் பாத்தாலே நீ பயப்படுவ, தொடவே மாட்ட. லிட்டோன்னா கத்துக்குவ."

"நான் எதுக்குங்க கத்துக்கணும்? நீங்கதான்..."

"எனக்குப் பாதி வழியில சுகர் எறங்கிருச்சுன்னா? ரோட்டோரமா நின்னு ரெக்ஸுக்குப் போன் போடுவியா?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கு முந்தி இருந்தே இதே யோசனைதான் கொரட்டி. எனக்கு ஒன்னு ஆயிட்டா நீ பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கக் கூடாது. நீ கார் பாக்கப் போறேன்னதும் எனக்கு அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு. நெசமாவே உனக்குன்னுதான் நெனச்சேன். அதான் கோவம் வந்துச்சு" என்றார்.

நான் தலைகுனிந்து கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒன்னு. உயரமான வண்டி வளைவுல கெட்டியா நிக்கும்னு சொன்ன பாரு, என்னைப் பேச வைக்கத்தான் தப்பாச் சொல்றேன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பசங்களுக்கு ஈர்ப்பு மையம் நடத்துற டீச்சருக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவ்வளவு நேரம் வெளக்குனீங்க?"

"நீ வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்த. நல்லாருந்துச்சு."

கொஞ்சம் கழித்து, கருவேப்பிலைக் காம்புகளை ஒதுக்கிக்கொண்டே, "ஷூ விஷயம் சொல்லியிருக்கணும்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இவரே கேட்டு அளவெடுத்த செயற்கைக் கால் வந்துவிட்டது. கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறார், திட்டிக்கொண்டே நடக்கிறார். லிட்டோவும் வந்துவிட்டது, சாம்பல் நிறம். மாலையில் கோவில் மைதானத்தில் எனக்குப் பாடம். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் இப்படிக் கத்துவதில்லை. கெபியைச் சுற்றியிருக்கும் பூந்தொட்டியில் ஒன்று இப்போது இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அன்றைக்கு என்னிடம் "தாராளமா ஓட்டலாம்" என்ற அதே டாக்டரின் சான்றைக் கொடுத்து, இவருக்கு இன்று ஆர்டிஓ ஆபீஸில் வண்டி ஓட்டிக் காட்டும் சோதனை. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து நெடுஞ்சாலை வரைக்கும் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். இறங்கியதும், "எத்தனை வருஷமா சார் ஓட்டுறீங்க?" என்று கேட்டார். "போன மாசத்துல இருந்து" என்று இவர் சொன்னது அவருக்குப் புரியவில்லை. லைசென்ஸில் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரெக்ஸ் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். இவருக்கு மட்டும் மோர்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுந்து பார்த்தால் படுக்கையில் இவர் இல்லை. குளியலறையில் இல்லை. வாசலில் வண்டி இல்லை.

சொல்லிவிட்டுப் போகவில்லை. இவர் போன் தலையணைக்கு அடியில் இருந்தது. ராத்திரி மழை, தெரு முழுக்கச் சேறு. செயற்கைக் கால் ஈரத்தில் வழுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை பார்த்தாரா, ஏதாவது சாப்பிட்டாரா, தெரியாது. ரெக்ஸைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அவன் வந்து தேடிக் கண்டுபிடித்தால் அது எப்படி இருக்கும் என்று யோசித்தேன். போனை வைத்துவிட்டேன். பூசைக்குப் போகவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதாவிடம் என்னென்னவோ நேர்ந்துகொண்டேன், ஒன்றும் நினைவில்லை.

பூசை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் லிட்டோ தெருமுனையில் திரும்பியது. மெதுவாக, சேற்றை யார் மேலும் அடிக்காமல் வந்து நின்றது. கதவு திறந்தது. ஊன்றுகோல் முதலில், அப்புறம் கால், அப்புறம் இவர். பேன்ட் முட்டி வரைக்கும் சேறு. விழுந்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கையில் ஒரு பை.

"குடகனாத்துக் கரைக்குப் போனேன். கெண்டை உசுரோட இருந்துச்சு" என்றார். "மீன்காரன் வண்டிக்கிட்ட கொண்டாந்து தர்றேன்னான். வேணாம்னு எறங்கிப் போய்ப் பாத்து எடுத்தேன்."

சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எத்தனையோ ஊர் போய் வந்தவர், ஒரு நாளும் இப்படி முகம் வேர்த்து, சேறு பூசி, பள்ளிக்கூடப் பிள்ளை பரிசு வாங்கி வந்த மாதிரி வாசலில் நின்றதில்லை.

பையை வாங்கினேன். ஒன்று இன்னும் துள்ளியது. அம்மியில் மசாலா அரைத்துக் குழம்பு வைத்தேன். ஒரே முள். ஒரு வாய்க்கு நான்கு முள். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.